போயிட்டு வாரேனுக்கு ஆங்கிலம்

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி என் மகனிடம் தாளை நீட்டினார்கள். தாய், பிள்ளை இருவரையுமே காப்பாற்றித் தர முடியும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த நாளில் எங்களைக் கைவிடாத ஆண்டவருக்கு என் முதல் நன்றி. ஓய்வு பெற்ற அரசு ஊழியன் எழுதும் இதை வாசிக்க முன்வந்த உங்கள் பொறுமைக்கு அடுத்த நன்றி.

அது 2006, மழைக்காலம். பாளையங்கோட்டையில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், மனைவி கிருபாவுடன் ஹைதராபாத் வந்து, மெட்டுகுடாவில் மகன் சாமுவேலின் வாடகை வீட்டில் குடியேறியிருந்தேன். அவனுக்கு சாஃப்ட்வேர் வேலை. மருமகள் அனிமாவும் அதே கம்பெனிதான். ராஞ்சிப் பெண். தாயில்லாமல் ஹாஸ்டலில் வளர்ந்தவள். ஹிந்தி தெரியும், கான்வென்ட் ஆங்கிலம் தெரியும். கிருபாவுக்குத் தமிழ் மட்டும்தான். ஒரே சமையலறையில் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது.

அனிமா கர்ப்பமானதும் கிருபா அழுதுவிட்டாள். "வயித்த வலிக்காம்மான்னு கேக்கக்கூட எனக்கு வாயில்லையேங்க."

நானே அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எதையும் முறைப்படி செய்து பழகியவன். பெயர்ச்சொல், வினைச்சொல், காலங்கள் என்று வரிசையாகப் போனேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது 'ஐ ஆம் கோயிங்' என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"போறேன்னா? வாசல்ல நின்னு யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? நல்ல வார்த்தையே இல்லையா அதுல?"

"இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுதான்."

"அவன் சொல்லிட்டுப் போகட்டும். நான் ஐ கோ அண்ட் கம்னுதான் சொல்லுவேன்."

'வில்' சேர்க்க வைத்ததுதான் என் ஒரே சாதனை. மற்றதையெல்லாம் அவள் அனிமாவிடமே கற்றாள். 'ஈட் அண்ட் சீ' என்று கரண்டியை நீட்டுவாள். 'லை டவுன் அண்ட் கெட் அப்' என்று மத்தியானம் படுக்க அனுப்புவாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அனிமாவோ அதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். நல்ல கான்வென்ட் ஆங்கிலம் எங்கள் வீட்டில் வந்து கெட்டது. தினமும் ஆபீஸ் வண்டியில் ஏறும்போது, "அம்மா, ஐ வில் கோ அண்ட் கம்!" என்று கையசைப்பாள். கிருபாவுக்கு அதைக் கேட்டால்தான் அடுத்த வேலை ஓடும்.

ஏழாம் மாதத்தில் அனிமாவுக்கு முகமும் காலும் வீங்கின. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை வலிப்பு வந்துவிட்டது. உடனே பிள்ளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். டாக்டர் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. "என்ன சொல்லுதாரு?" என்று கிருபா என் கையைப் பிடித்து உலுக்கினாள். தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெபிக்கவும் வரவில்லை. ஆண்டவருக்கே பொருள், பார்வை எல்லாம் போட்டுத்தான் நான் மனு வைப்பேன் என்று கிருபா கேலி செய்வாள். அன்று ஒரு வரிகூட அமையவில்லை.

வலிப்பு அடங்கிக் கண் விழித்திருந்த அனிமா, கிருபாவின் சேலையைப் பற்றிக்கொண்டு, "ப்ரே, அம்மா" என்றாள். தமிழில் ஜெபித்தால் அவளுக்குப் புரியாது. கிருபா அவள் நெற்றியில் கை வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"ஃபாதர். திஸ் மை டாட்டர். ஷீ நோ மதர். ஐ மதர். யூ டேக் அண்ட் கோ, யூ பிரிங் அண்ட் கம். பேபி ஆல்சோ. ஆமென்."

ஒரு வாக்கியமும் தேறாது. நான் ஆமென் சொன்னேன்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. "ஐ ஆம் கோயிங், அம்மா" என்று அனிமா முனகினாள். கிருபா கம்பியைப் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டாள். "அம்மா, ஜருகண்டி, டைம் லேது" என்று நர்ஸ் விலகச் சொல்லியும் அவள் விடவில்லை.

"நோ கோயிங்! சொல்லு. சே கரெக்ட்."

அந்த நிலையிலும் அனிமா லேசாகச் சிரித்தாள். "ஐ வில் கோ அண்ட் கம்."

கதவு மூடியது. சாமுவேல் சுவரைப் பார்த்து நின்றான். கிருபா தரையில் உட்கார்ந்து, "பிரிங் அண்ட் கம், பிரிங் அண்ட் கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொன்னேன். அன்று எனக்கு வேறு ஜெபம் கிடைக்கவில்லை.

முதலில் குழந்தையின் சத்தம் கேட்டது. பெண் குழந்தை, ஒரு முழ நீளம்கூட இருக்காது. உடனே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். பிறகு நின்றது என்றார்கள். எப்படி நின்றது என்று டாக்டர் விளக்கினார். யார் நிறுத்தினார் என்பது எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் அனிமா கண் திறந்தாள். கிருபாவைத் தேடிப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அம்மா, ஐ வென்ட் அண்ட் கேம்."

இரண்டு வினையிலும் இறந்தகாலம் சரியாக இருந்தது. இலக்கணத்துக்காக நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

பேத்திக்குக் கிரேஸ் என்று பெயர். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாசலில் 'பை' என்று சொன்னால் கிருபா புத்தகப்பையை விடுவதில்லை. நான் யாருடைய ஆங்கிலத்தையும் திருத்துவதில்லை; கிரேஸின் தமிழைக்கூட.

அன்பானவர்களே, எனக்கு ஜெபிக்க வராது, வார்த்தை அமையாது என்று தயங்குகிறீர்களா? வருகிற மொழியில், வருகிறபடி கேளுங்கள். பிழை இருக்கிறது என்று மனுவைத் திருப்பி அனுப்புகிறவர் அல்ல அவர். பணிக்காலம் முழுவதும் திருப்பி அனுப்பியவன் சொல்கிறேன், நம்பலாம்.