லாரிக்குப் பின்னால் நின்ற ரூபி மதினி

ரூபி மதினி இறந்துவிட்டார்.

காலையில் பம்பாய் செம்பூரிலிருந்து அவருடைய மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

கண் மங்கலாகத் தெரிவதால் போனில் வாயால் சொல்லித்தான் இதைப் பதிகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி என் சொந்த அண்ணன் மனைவி இல்லை. தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் என்னோடு லோடு ஏற்றிய ஞானமுத்து அண்ணாச்சியின் மனைவி. மூன்று பேருமே திருநெல்வேலிப் பக்கம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம்... எனக்கும் அண்ணாச்சிக்கும் லாரி டிரைவர் ஆகிவிட வேண்டும் என்று ஒரே வெறி. பச்சைத் தோலைச் சுமந்த உடம்பில் எந்த சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள்.

இரண்டு பேரும் கச்சா லைசென்ஸ், அதாவது வண்டி பழகுவதற்கான லைசென்ஸ், எடுத்தோம். எங்கள் ஷாப்புக்கு லோடு அடித்த சர்தார்ஜி, ஞாயிற்றுக்கிழமை லாரி சும்மா நிற்கும்போது கற்றுக்கொடுக்கச் சம்மதித்தார். மாஹிம் உப்பங்கழி ஓரம் அப்போது வெட்டவெளி நிறைய இருந்தது.

அந்தக் காலத்து லாரி! கிளட்சை இரண்டு தடவை மிதித்து டபுள் கிளட்ச் போடாமல் கியர் விழாது. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை கழன்றுவிடும்.

அதெல்லாம்கூடக் கைக்கு வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் எங்கள் இருவருக்கும் எமன்.

முதன்முதலில் ரிவர்ஸ் பழகிய ஞாயிற்றுக்கிழமை, மதினி காலை ஆராதனை முடிந்து நேராக அங்கே வந்தார். வெள்ளைச் சேலை, கையில் பைபிள். பைபிளை என்னிடம் கொடுத்துவிட்டு, லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அண்ணாச்சி பதறிப்போய் இறங்கி ஓடினார். தள்ளிப் போகச் சொல்லிக் கெஞ்சினார். மதினி அசையவில்லை.

"நான் இங்கனதான் நிப்பேன். நான் நிக்கது மனசுல இருந்தாத்தான் நீங்க பையப் பைய எடுப்பீங்க."

அண்ணாச்சி திரும்பி ஏறினார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார். மதினியின் கூடப்பிறந்த அண்ணன் தூத்துக்குடியில் லாரி கிளீனர். ஒரு கிடங்கில் ரிவர்ஸ் வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி இறந்துபோனவர்.

ஆனாலும் லாரி வேலை வேண்டாம் என்று மதினி ஒருநாளும் சொன்னதில்லை. வாராவாரம் வந்து பின்னால் நின்றார். அண்ணாச்சி ஓட்டும்போதும் நிற்பார், நான் ஓட்டும்போதும் நிற்பார்.

முதலில் "வரட்டும்... வரட்டும்..." என்று குரல் கொடுத்தார். சர்தார்ஜிதான் அதையே இந்தியில் "ஆனே தோ" என்று சொல்லச் சொன்னார். பம்பாயில் மதினி கற்றுக்கொண்ட முதல் இந்தி அது. குழாயடியில் லைன் நகராவிட்டால் அங்கேயும் "ஆனே தோ, ஆனே தோ" என்று கத்துவார். மராத்திக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

டெஸ்ட் நாள் வந்தது. நான் முதலில் ஓட்டினேன். பாஸ்.

அடுத்து அண்ணாச்சி. முன்னால் போகும்வரை பிரமாதமாகத்தான் ஓட்டினார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்... இன்ஸ்பெக்டர் மறுபடி சொன்னார். கிளட்சிலிருந்து கால் வழுக்கி, லாரி குலுங்கி நின்றுவிட்டது.

ஃபெயில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "பின்னால யாரோ நிக்க மாதிரியே இருந்துச்சு, தம்பி."

மதினி உள்ளுக்குள் நிம்மதி அடைவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, அண்ணாச்சிக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"நான் நிக்கதப் பாத்தே ஓட்டிப் பழகிட்டீங்க. கண்ணாடியப் பாத்துப் பழகல. தப்பு எம்மேலதான்."

அடுத்த ஞாயிறு மதினி பின்னால் போகவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு கேபினில் ஏறி, அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னால் போய் நிற்கப் பார்த்தேன். அதற்கும் விடவில்லை. "அங்க ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்று சொல்லி, சர்தார்ஜியோடு என்னையும் மேலே ஏற்றிக்கொண்டார்.

அண்ணாச்சி ரிவர்ஸ் போட்டார். மதினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது, ஜெபம்தான் என்று நினைக்கிறேன்.

லாரி நேர்கோட்டில் பின்னால் போனது... போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

மதினி கண்ணைத் திறந்தார். இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே தரையைப் பார்த்தபடி வெகுநேரம் தனியாக நின்றார். நாங்கள் யாரும் இறங்கவில்லை. சர்தார்ஜி கையை நீட்டி இன்ஜினை மட்டும் அணைத்தார்.

இரண்டாவது டெஸ்டில் அண்ணாச்சி பாஸ். பிறகு நாசிக், பூனா, சூரத் என்று எத்தனையோ வருடம் ஓட்டினார். ஒரு உயிருக்கும் சேதம் இல்லை. அவர் போன பிறகு மதினி மகனோடு செம்பூர் வந்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்குக் காட்கோபரிலிருந்து போய்ப் பார்த்தேன். தட்டில் முந்திரிக்கொத்தைக் கொண்டுவந்து வைத்து, "கடிக்கப் பல்லு இருக்கா தம்பி?" என்று கேட்டார். ரெண்டு பேருக்கும் இல்லை. காப்பியில் ஊறவைத்துத் தின்றோம், சிரித்துக்கொண்டே.

மாலையில் அடக்கம். காலையிலிருந்து மழை விடவே இல்லை... குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நல்லபடியாப் போங்க, மதினி.