சூடேறும் படியில் நான் ஊற்றச் சொன்ன தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கல் சுமந்து, கொத்தனாராகி, காண்டிராக்ட் எடுத்தவன். உதியன்குளங்கரையிலிருந்து வெள்ளறடை வரை நான் கட்டிய படிகளில் ஏறாத கால்கள் குறைவு. ஒன்றுகூட இன்றுவரை வெடித்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

கனடாவில் இருக்கும் மகள் போன பனிக்காலத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டாள். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இன்னொரு தடவை விழக் கூடாதென்று மருமகன் பழைய படியை இடித்து, சூடேறும் படி போட ஆள் வைத்தார். போனில் காட்டினார்கள். கான்கிரீட்டுக்குள் கரண்டு ஒயராம். மிதித்தால் ஷாக் அடிக்காதாம். பனி மட்டும் உருகுமாம். தலையாட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை.

கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள் பார்த்தால் படிமேல் கம்பளி!

“எதுக்கு மக்கா இது? சிமென்டுக்குக் காய்ச்சலா?”

“குளிரு பிடிக்கப்படாதாம் அப்பா. ஒரு மாசம் கழிஞ்சுதான் கரண்டு குடுக்கணுமாம்.”

“அவனுவளுக்கு என்ன தெரியும்? கம்பளிய எடுத்துத் தூரப் போடு. ஏழு நாளு, ரெண்டு நேரம் தண்ணி ஊத்தணும். நாற்பது வருசம் செஞ்ச வேலையாக்கும் இது.”

மருமகனுக்கு என் மேல் மரியாதை. அன்று சாயங்காலமே ஊற்றிவிட்டார்.

மறுநாள் எனக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய மகள் கதவைத் திறந்து போனைத் திருப்பினாள். படி கண்ணாடியாய் மின்னியது.

“பாத்தியா, பாலிஷ் போட்டது போல உண்டு!” என்றேன்.

“அப்பா, இது ஐஸு! நான் எப்பிடி எறங்குவேன்?”

அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. போனைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டாள். எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. முன்னால் மருமகன் தவழ்ந்து இறங்க, அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்தாள் என்று பிறகு சொன்னார்கள். “மெள்ள, மெள்ள” என்ற அவர் குரலும் அவள் மூச்சும்தான் கேட்டன. தண்ணீர் ஊற்றாத கான்கிரீட் எப்படி இறுகும், ஊற்றியது எப்படித் தப்பாகும்? அந்த நேரத்திலும் எனக்குப் பிடிபடவில்லை.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் முகம் வந்தது.

“பிள்ளை வயித்துல அனங்குதா மக்கா, அசைவு தெரியுதா?” என்றேன்.

“அனங்குது. ஒங்களப் போலயாக்கும், சொன்னா அடங்கி இருக்காது.”