படத்தின் கடைசியில் போட்ட பெயர்

என் நாத்தனார் மதுமதி ராசிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுத்துத் தொழில் பழகினாள். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவில், உழைத்தவர்கள் பெயரையெல்லாம் ஊரோடு சேர்த்துக் கடைசியில் போட்டாக வேண்டும். பந்தி பார்த்த பங்காளி பெயர் விட்டுப்போனால்கூடச் சண்டைக்கு வந்துவிடுவார்.

பிறகு டெல்லிக்குப் போனாள். கலவரம், சண்டை நடக்கிற ஊர்களுக்குப் போய் ஆவணப்படம் எடுத்தாள். மாமனார் சென்னியப்பன் புதுச்சத்திரத்தில் யார் கேட்டாலும், "பொண்ணு டிவியில இருக்குதுங்க" என்று முடித்துக்கொள்வார்.

வடகிழக்கில் ஒரு மலை ஊர். இரண்டு கூட்டத்தாருக்குள் வெட்டுக்குத்து. லீலா என்ற அம்மா எதிர்க்கூட்டத்துக் குடும்பம் ஒன்றைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். மதுமதி அங்கேயே தங்கிப் படம் எடுத்தாள். படத்தில் லீலாவின் முகத்தைக் காட்டவில்லை, குரலையும் மாற்றியிருந்தாள். ஆனால் கடைசியில், தங்க இடம் கொடுத்தவருக்கு நன்றி என்று அவர் பெயரையும் ஊரையும் போட்டுவிட்டாள். கைப்பழக்கம்.

படம் இணையத்தில் வந்த வாரமே லீலாவின் சொந்தக் கூட்டத்து ஆட்கள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் தப்பித்து முகாமுக்குப் போனார். சேதி தெரிந்ததும் மதுமதி படத்தை நீக்கினாள். இனி யார் கையிலும் சிக்கக் கூடாதென்று, எடுத்துவைத்திருந்த எல்லாவற்றையும் அழித்தாள். அப்புறம் இங்கே, புதுச்சத்திரத்துக்கே வந்துவிட்டாள்.

கோழிப்பண்ணையில் என்னோடு முட்டை எடுக்க வருவாள். பாதியில் அப்படியே நின்றுவிடுவாள்.

"ஏஞ்சாமி, தீ வெச்சவன் நல்லாத் தூங்கறான். நீ எதுக்கு மருகற?" என்றார் மாமனார்.

"ஊட்டைக் காட்டிக் குடுத்தது நானுங்கப்பா."

"நீ காட்டாட்டி கண்டுபிடிக்க மாட்டானாக்கும்."

"அதுவரைக்கும் கண்டுபிடிக்கலீங்களே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

லீலாவைக் கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். கடைசியில் லீலாவே கூப்பிட்டார். இருவரும் ஹிந்தியில் பேசினார்கள். எனக்கு அவள் பிறகுதான் சொன்னாள். பத்திரம் எரிந்துவிட்டதாம். நஷ்டஈடு தர அதிகாரிகள், அங்கே வீடு இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். "நீ எடுத்த படத்தை அனுப்பு" என்றாராம்.

மதுமதி அவரிடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டதைச் சொன்னாள். பெயர் போட்டதையும் அப்போதுதான் சொன்னாள். பிறகு, "நீ பார்த்தாயல்லவா? வந்து சொல்" என்று லீலா போனை வைத்துவிட்டார்.

"என்னைய மன்னிச்சுட்டாங்களா, நங்கை?" என்று கேட்டாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அதுக்கு உன்னையக் கூப்புடலியே, மது. சாட்சிக்குத்தான கூப்புட்டாங்க."

கேமரா எடுக்காமல் சேலத்தில் ரயில் ஏறினாள். நஷ்டஈட்டு விசாரணை இன்னும் முடியவில்லை. தேதி சொல்வதற்கு மட்டும் லீலா கூப்பிடுகிறார். வேறு எதுவும் பேசுவதில்லை. ஒவ்வொரு தேதிக்கும் மதுமதி போய் வருகிறாள்.