தூரமா?

ஜெர்மனியில் கம்பெனி வேலையாக இருந்த ஒரு கோடையில், விடுமுறை எடுத்துத் தனியாக மோட்டார் சைக்கிளில் ஏழு நாடு சுற்றினேன். ஊர் திரும்பி அதைச் சொல்ல ஆள் தேடினேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதோடு எல்லாரும் எழுந்து போனார்கள்.

ஐப்பசியில், எப்போதும்வென்றான் கிராமத்துக்கு அருகே பத்து நிமிட மழைக்குக் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பி, ஆல்ப்ஸ் ஏறிய வீரனின் சக்கரம் நின்றுபோனது.

உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்த ஓர் ஆட்டுக்காரர் வந்தார். கம்பால் மண்ணைத் தோண்டிக்கொண்டே, போகிற வருகிறவர்களை எல்லாம் "தூரமா?" என்று கேட்டார். கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்பதால், எங்கள் பக்கம் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

நான் பயணத்தை அவிழ்த்துவிட்டேன். பனிமலை, சூரியகாந்திக் காடு, மலையைக் குடைந்த நீளப் பாதை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். சாரலில் ஆடுகள் மெல்ல மேகமாகிக்கொண்டிருந்தன.

"ஏழு நாட்டுலயும் ஒருத்தரும் என்னைய நிறுத்தி ஒரு வார்த்தை கேக்கல" என்றேன் பெருமையாக.

கம்பு நின்றது. "தூரமான்னு கூடவா கேக்கல?"

"இல்ல."

"அட பாவமே! அப்படி என்ன அண்ணாச்சி தப்பு செஞ்சீய?"

நான் குனிந்து சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சுழன்றது. நான் போகவேண்டிய ஓட்டப்பிடாரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வண்டியை உதைத்ததும், ஏழு நாட்டுக்கும் சேர்த்து அவரே கேட்டார்:

"தூரமா அண்ணாச்சி?"

"ஆமா, ரொம்பத் தூரம்" என்றேன்.