திரும்பி வந்த தட்டுகள்

வெர்னா ஆஸ்ட்பி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மினசோட்டாவின் வடகோடியில் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறைக்குப் பத்தொன்பது வருடம் அவள்தான் பொறுப்பு. காய்கறிப் பெட்டி வந்தால் மேலே இருப்பதைப் பார்க்கமாட்டாள். கையை அடிவரை விட்டு ஒரு கேரட்டை இழுத்து ஒடித்துப் பார்ப்பாள். கூடவே தட்டுக் கழுவிய என்னையும் அப்படித்தான் பல வருடம் பார்த்தாள்.

அந்த ஜனவரியில் கர்ட்டிஸ் ஹேகன் என்று புதிய விளையாட்டு ஆசிரியர் வந்தார். பிள்ளைகள் ஓடியாடுவதில்லை, கண்டதைத் தின்கிறார்கள் என்று பெற்றோர் புலம்பிக்கொண்டிருந்த நேரம். அவர் ஓர் ஆரோக்கியத் திட்டத்தை ஆரம்பித்தார்.

"அந்த ஆளு எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கான். எனக்குப் பிடிக்கல" என்றாள் வெர்னா.

"சிரிச்சா தப்பா?"

"மைனஸ் முப்பது டிகிரிக் குளிர்ல, காலங்காத்தால எவன் சிரிப்பான்?"

இரண்டு வாரத்தில் தட்டுகள் மாறின. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் தட்டில் கீரை மட்டும் காலியாயிருக்கும். ரொட்டி, கோழி, பால் எல்லாம் வைத்தபடி திரும்பி வரும். இறைச்சிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் கூடத் திரும்பி வந்ததும் வெர்னா கையுறை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியைக் கிளறினாள். அடியில் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ரொட்டிகள் கிடந்தன.

மறுநாள் மாரிட்டைப் பிடித்தாள். பதினோரு வயது, பனி ஹாக்கியில் கோல் காப்பவள், தோள் அகன்ற பெண்.

"ஏன்டி சாப்பிடல?"

"வயிறு ரொம்பிருச்சு, மிஸஸ் ஆஸ்ட்பி."

"எதைத் தின்னு? காத்தையா?"

மாரிட் நழுவி உடற்பயிற்சி வகுப்புக்கு ஓடினாள். வெர்னாவுக்குச் சந்தேகம் முழுவதும் ஹேகன்மேல் திரும்பியது. வெள்ளிக்கிழமை ஒரு கூடை ஆப்பிளைச் சாக்காக எடுத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மூலையில் எடைக்கருவி, சுவரில் ஒரு தாள், வாரவாரம் பிள்ளைகளின் எடை. அதன் ஓரத்தில் இளஞ்சிவப்புப் பேனாவால் யாரோ பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ரேங்க் போட்டிருந்தார்கள். எடை குறைந்தவளுக்கு முதலிடம். கடைசி இடத்தில் மாரிட், பெயருக்குக் கீழே இரண்டு கோடு.

"பிள்ளைங்களைப் பட்டினி போடுறதுதான் உங்க திட்டமா?"

ஹேகனின் சிரிப்பு நின்றது. "நான் யாரையும் சாப்பிடாதேன்னு சொல்லலியே."

"சொல்லல. எழுதி ஒட்டிவெச்சிருக்கீங்க."

அவர் கிட்டே போய்ப் படித்தார். "இது என் கையெழுத்து இல்ல" என்றார் மெதுவாக.

"தெரியுது. பிள்ளைங்க கையெழுத்து. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை மூடி மறைத்துவிடுவார் என்று வெர்னா என்னிடம் பந்தயமே கட்டினாள். ஆனால் அன்று மாலையே அவராகப் போய்த் தலைமையாசிரியையிடம் சொல்லி, பெற்றோரையும் அழைத்தார். எடைக்கருவி நர்ஸின் அறைக்குப் போனது. நர்ஸ் மாரிட்டையும் அவள் அம்மாவையும் தனியாக உட்காரவைத்துப் பேசினாள்.

பிறகு ஹேகன் மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோருக்கும் பனிச்சறுக்கு. புள்ளியும் கிடையாது, பரிசும் கிடையாது. அதுவரை யாரையும் உள்ளே விடாத வெர்னா, செவ்வாய்தோறும் சூப்புக்குக் காய் நறுக்கப் பிள்ளைகளைச் சமையலறைக்குள் விட்டாள். ஒவ்வொரு கத்திக்கும் பின்னால் நின்று கண்காணித்தாள்.

மாரிட் உடனே மாறிவிடவில்லை. பல வாரம் சூப்பை மட்டும் குடித்தாள். உற்றுப் பார்த்தால் அவள் கூசுவாள் என்று வெர்னா முதுகைத் திருப்பிக்கொண்டு என்னிடம் கேட்பாள்: "சாப்பிடுறாளா?"

மார்ச் கடைசியில் ஒருநாள், "பாதி ரொட்டி உள்ள போயிருச்சு" என்றேன்.

"நெஜமா? மடியில ஒளிச்சு வெச்சிருப்பா, நல்லாப் பாரு."

"மென்னுக்கிட்டு இருக்கா, வெர்னா."

அவள் திரும்பிப் பார்க்காமலே சேமிப்பறைக்குள் போனாள். வெளியே வர வெகுநேரமாயிற்று.