துவைக்கிற கல்லாக இருந்தவள்

மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். புதையல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அந்தப் பத்து ரூபாயை உயர்த்த வேண்டும் என்று நான் பணியிலிருந்த வரை யாருக்கும் தோன்றவில்லை.

விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல் நான் திண்டிவனம் பக்கம் வருவாய் ஆய்வாளர். ஒலக்கூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஏரி மதகைப் பழுது பார்த்தவர்கள், மதகடியில் பெண்கள் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் அம்மன். எட்டுக் கை, காலடியில் எருமைத் தலை, உதட்டோரம் லேசான சிரிப்பு. ஊர் முழுக்க இத்தனை காலமும் அவள் முதுகில்தான் சோப்புப் போட்டு அடித்திருக்கிறது.

கல்லை ஏற்றி விழுப்புரத்துக்கு அனுப்பும்படி எனக்கு உத்தரவு வந்தது. அங்கிருந்து ஏதோ ஒரு அருங்காட்சியகத்துக்குப் போகுமாம். நான் டிராக்டரோடு போய் இறங்கியபோது, அம்மனை நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பூசி, சிவப்புப் புடவை சுற்றியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள்.

"புதையல் சட்டப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாது, பொதையலா?" முன்னால் நின்ற பெண் கேட்டாள். நாற்பது வயதிருக்கும். மதகை ஒட்டிய நிலம் அவள் வீட்டாருடையது. "கண்ணாலம் ஆயி வந்த மறுநாளே இந்தக் கல்லுலதான் சார் தொவைச்சேன். இந்த ஊரு அழுக்கு மொத்தமும் இதுக்குத் தெரியும். இப்ப வந்து பொதையல்ன்றீங்களே!"

"ரோடு கேட்டு மனு குடுத்தமே, அதுக்கு வந்துச்சா இந்த வண்டி? சாமி மூஞ்சியக் காட்டினதும் ஜல்தியா வந்துட்டாரு பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். டிராக்டர் ஓட்டி வந்தவனும் சிரித்தான்.

உயரம் அகலமாவது குறித்துக்கொள்ளலாம் என்று, புடவையைக் கொஞ்சம் விலக்கச் சொன்னேன்.

"ஆம்பளைங்க நிக்கச்சொல்ல பொடவைய அவுக்கறதா? உங்க ஊட்ல இப்படித்தானா சார்?"

ஏரிக்கரையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். மேற்படி கல் மண்ணில் மறைந்திருக்கவில்லை; பொதுமக்கள் கண்ணெதிரே துவைகல்லாகப் பயன்பட்டு வந்துள்ளது; இது புதையல் ஆகுமா என்பதற்குத் தெளிவுரை வேண்டப்படுகிறது; அதுவரை ஊராரின் பொறுப்பில் விடப்படுகிறது. அளவு: ஆடை அணிந்திருந்தபடியால் எடுக்க இயலவில்லை.

தெளிவுரை கேட்டுவிட்டால், பதில் வரும்வரை ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. எல்லா அலுவலகத்திலும் உண்டு. டிராக்டர் காலியாகத் திரும்பியது. துவைகல் எதற்காக ஆடை அணிந்திருந்தது என்று மேலே ஒருவரும் கேட்கவில்லை.

கோயில் உண்டானது இப்படித்தான். மற்ற ஊர்த் தல புராணங்களில் ரிஷி வருவார், ராஜா வருவார். இங்கே வந்தது சோப்பு. அதனால் இந்த அம்மனுக்குப் புதுப்புடவை சாத்துவதில்லை. அலசி உலர்த்தித்தான் சாத்த வேண்டும். புதுச்சேரியிலிருந்து காரில் பட்டுப்புடவையோடு வந்த ஒருவரை, "எங்க அம்மாவுக்குத் தொவைச்ச துணிதான் பழக்கம், போய் அலசிக்கினு வாங்க" என்று மதகுக்கு அனுப்பினார்கள். அவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு பட்டை அலசியதை நானே பார்த்தேன். இவ்வளவு கறாரான நடைமுறையை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. சாமியைப் பீடத்தில் நிலையாகப் பதிக்க அஷ்டபந்தன மருந்து சாத்த வேண்டும். ஊரார் சாத்தவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, ஏரி மணலில்தான் நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பெண்தான் சொன்னாள்:

"அவங்க எடுத்துக்கினுதான் போவணும்னு பதில் வந்துச்சுன்னா, கடப்பாறை போட்டுப் பேக்கக் கூடாது சார். கை காலு ஒடையாம போவணும்."



விழுப்புரத்துக்கு மாற்றலானேன்; ஓய்வும் பெற்றேன். கூழ் ஊற்றும் ஆடி வெள்ளிக்கு மட்டும் தவறாமல் போவேன். கேப்பைக் கூழைக் கையில் கொடுக்கும்போதே, "பதில் வந்துச்சா சார்? ஒரு கடுதாசி போட்டுக் கேக்கலாமில்ல?" என்பாள். நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பவில்லை. தூங்குகிற கோப்பு விழித்தால் வண்டி அனுப்பும். எந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்பதும் பணியில் கற்றதுதான்.

கடைசியில், யாரும் எழுப்பாமலே அது விழித்துக்கொண்டது. கூழ் கொதித்துக்கொண்டிருந்தபோது கிராம நிர்வாக அலுவலர் உறையோடு வந்தார். வாங்கிப் படித்தேன். மேற்படி கல் புதையலாகாது. பொதுமக்கள் வழக்கம்போல் துணி துவைக்கப் பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை.

"இன்னா சார் போட்டுக்கீது?" தலை நரைத்துவிட்ட அந்தப் பெண் கரண்டியை விட்டுவிட்டு வந்தாள்.

"இங்கேயே இருக்கலாமாம்."

அம்மன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, அஷ்டபந்தன மருந்து இடிக்க ஆள் சொல்லும்படி மகனை விரட்டினாள். கடிதத்தின் ஓரத்தில், பழக்கதோஷத்தில், பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: 2010, ஆடி மூன்றாம் வெள்ளி.