கவ்வாத்துச் சாமி லண்டன்காரர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே, யூக்கலிப்டஸ் மரத்தடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. எண்ணெயும் மஞ்சளும் தடிப்பாக அப்பியிருந்ததால், உள்ளே இருப்பது கல் என்பதே ஒரு நம்பிக்கைதான். அதுதான் எங்கள் கவ்வாத்துச் சாமி. தேயிலைச் செடியை உயரம் குறைத்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாள் காலையில், ஆம்பளைகள் எல்லோரும் கத்தியை அதன் காலடியில் வைத்துக் கும்பிடுவார்கள். சேவல், சாராயம், சுருட்டு. சாமி எதையும் வேண்டாம் என்றதில்லை.

ஒரு வருசம் வேலை பிந்திவிட்டதென்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவசரப்படுத்த, பூசையில்லாமலே மலையேறினார்கள். அன்றைக்குத்தான் கவ்வாத்துக் கத்தி பட்டு அப்பாவுக்கு இரண்டு விரல் போனது. அதன்பிறகு பூசை போடாமல் அண்ணன் கத்தியைத் தொடுவதில்லை. தொட நானும் விடமாட்டேன். கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதை இந்த விசயத்தில் யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

போன வருசம் பெரிய துரை பங்களா ஹோட்டலானது. அதன் மேனேஜர் ஏதோ பழைய படத்தை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் தேடி, கடைசியில் சாமி முன்னால் வந்து நின்றார். இரண்டு பேர் சோப்புத் தண்ணி ஊற்றித் தேய்த்தார்கள். அபிசேகமென்று நினைத்து லயமே கும்பிட்டது. மஞ்சள் போனதும் இங்கிலீசு எழுத்து தெரிந்தது. வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அது சாமியில்லை, ஒரு மனிதருக்கு வைத்த நினைவுக்கல். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர். லண்டனில் பேங்க் நடத்தியவர். அனாதைகளுக்கு இல்லம் கட்டினார், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கொடுத்தார், கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை என்று எழுதியிருந்தது.

"எந்த ஊரு ஏழைங்களுக்கு?" என்றார் அண்ணன்.

"லண்டன்ல."

"இங்க?"

கல்லின் பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இங்க ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப இத்தன வருசமா சாராயத்த யாரு குடிச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தருமவானுக்குத் தலைமுறை தலைமுறையாக நாங்கள்தான் தருமம் செய்துவந்திருக்கிறோம்.

கல் லொறியேறி ஹோட்டல் பூந்தோட்டத்துக்குப் போனது. அங்கே நாங்கள் போக முடியாது. மரத்தடியில் குழி மட்டும் மிஞ்சியது.

அடுத்த வாரமே கவ்வாத்து தொடங்கியது. ஆம்பளைகள் கத்தியோடு வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். சூடத்தை எதற்குக் காட்டுவதென்று தெரியாமல் பூசாரி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் குனிந்து தன் கத்தியைக் குழிக்கரையில் வைத்தார்.

"சாமி, கல்லு அவங்களோடது, கொண்டு போயிட்டாங்க. நீ போயிராத."

மற்றக் கத்திகளும் ஒவ்வொன்றாக வந்தன. பூசாரி குழிக்குச் சூடம் காட்டினார்.

அன்றைக்கு வகுப்பில் என்ன படிப்பித்தேனென்று எனக்கே தெரியாது. அவ்வளவு பயம். சாயங்காலம் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்து, வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினார். அப்புறம்தான் தேத்தண்ணி கேட்டார்.